உள்ளே நமக்குத் தெரிந்தவர்

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே போனால் பொறையாறு. அதைத் தாண்டி நண்டலாறு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் காரைக்கால். 2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் சிலர் வரிசையில் நின்று பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் அந்நாட்டுக் குடியுரிமையை விடாமல் வைத்திருக்கும் குடும்பத்துக்காரர்கள். மாக்ரோனா, லெ பென்னா என்று முடிவு செய்து, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். முடிவு வந்த அன்று காரைக்காலில் யாரும் சரவெடி கொளுத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2020 நவம்பர் 8, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரத்தில் விடிந்ததிலிருந்து வெடிச்சத்தம். தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வாசல்களில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக ஜெயித்த கமலா ஹாரிசுக்கு வாழ்த்துச் சொல்லும் வண்ணக் கோலங்கள், தெருமுனையில் பேனர், தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம். அன்றைக்கு உணவு அமைச்சராக இருந்த ஆர். காமராஜே வந்து பூஜையில் நின்றார். அமெரிக்கத் தேர்தலில் அந்த ஊரில் ஒருவருக்கும் ஓட்டில்லை.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் மாறிப் போனாலும் ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். ஓட்டு உள்ள ஊர் சத்தமில்லாமல் இருக்கிறது. ஓட்டில்லாத ஊர் வெடி போடுகிறது. ஏன் இப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் அன்று துளசேந்திரபுரத்துக்கு வந்து எடுத்துப்போன படங்கள் பாதிக் கதையைக்கூடச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

முதலில், கொண்டாடியது யார்? பைங்காநாடு வெங்கட்ராமன் கோபாலன், பி.வி. கோபாலன், 1911-இல் பிறந்தவர். கமலா ஹாரிசின் தாய்வழித் தாத்தா. சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போய் மத்திய அரசு வேலையில் சேர்ந்து, 1960-களில் அகதிகளுக்கு உதவும் பணிக்காக ஆப்பிரிக்காவில் ஸாம்பியா வரைக்கும் போனவர். மகள் சியாமளா 1958-இல், 19 வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்கக் கப்பலோ விமானமோ ஏறியவர். ஊரில் அந்தக் குடும்பத்தின் வீடு இன்றைக்கு இல்லை. தஞ்சை ஜில்லாவின் அக்கிரகாரங்கள் எப்படிக் காலியாயின என்பது இந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முதலில் பையன்கள் மெட்ராசுக்கும் டெல்லிக்கும் போனார்கள், பிறகு நிலம் போனது, கடைசியில் வீடு. ஆக 2020-இல் கோலம் போட்டவர்களும் வெடி வைத்தவர்களும் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போகாதவர்கள், போக முடியாதவர்கள். அவர்களுக்கும் கோபாலன் வீட்டாருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஒரு காலத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. இருந்தும் பேனரில் ‘மண்ணின் மகள்’ என்றுதான் எழுதினார்கள்.

கோயிலில் நன்கொடையாளர் பெயர்கள் வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. அதில் கமலா ஹாரிஸ் பெயரும் உண்டு. 2014-இல் சொந்தக்காரர்கள் அவர் பெயரில் கொடுத்த 5,000 ரூபாய்க்காக வெட்டியது. துணை ஜனாதிபதி ஆவார் என்று அன்றைக்குக் கல் வெட்டியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தாலும் எழுத்தைப் பெரிதாக வெட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. நம் கோயில்களில் கல்லில் இடம் தொகையைப் பார்த்துத்தான்.

உலகத்தில் இப்படிக் கொண்டாடிய முதல் ஊர் இதுவல்ல. 2008-இல் ஒபாமா ஜெயித்தபோது அவர் அப்பாவின் நாடான கென்யா நவம்பர் 6-ஆம் தேதியை அரசு விடுமுறையாகவே அறிவித்தது. ஜப்பானில் ஒபாமா என்று ஒரு சின்ன ஊர். பெயர் ஒன்று என்பதைத் தவிர எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களும் கூடி ஆடிப்பாடினார்கள். நேர்மாறான உதாரணமும் உண்டு: ஜெர்மனியில் கால்ஸ்டாட். டிரம்பின் தாத்தா 1885-இல் அங்கிருந்துதான் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அது திராட்சைத் தோட்டமும் ஒயினும் உள்ள வசதியான கிராமம். அங்கே பேரன் ஜெயித்ததற்குப் பெரிய ஆரவாரம் ஒன்றுமில்லை, பேட்டி கேட்டு வருகிறவர்களைக் கண்டால் சலிப்புதான். வசதியாக, தன் நாட்டு அரசின் காது எட்டுகிற இடத்தில் இருக்கும் கிராமத்துக்கு அமெரிக்காவில் ஒரு சொந்தக்காரர் தேவைப்படவில்லை.

அந்தத் ‘தேவை’தான் என்னை யோசிக்க வைக்கிறது. நம்மில் யாராவது தாலுகா ஆபீசுக்குப் பட்டா மாற்றப் போகிறோம் என்றால், வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி, ‘உள்ளே நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?’ என்பதுதான். என்ன சட்டம், என்ன காகிதம் என்பதெல்லாம் அப்புறம். இதை லஞ்சத்தின் தம்பி என்று நினைப்பவர்கள் அந்த வராந்தாவில் காலை 10 மணியிலிருந்து நின்றதில்லை. உள்ளே இருக்கும் தெரிந்தவர் பல நேரம் ஒரு உதவியும் செய்வதில்லை, செய்கிற இடத்திலும் இருப்பதில்லை. ‘என்ன, எப்ப வந்தீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் நாம் மனுவோடு நிற்கும் இன்னொரு ஆளாக இல்லாமல் இன்னார் மகன், இன்ன ஊர் என்று ஆகிவிடுகிறோம். துளசேந்திரபுரம் அன்று கொண்டாடியது அதைத்தான் என்று நினைக்கிறேன். உலகத்துக்கே பெரிய ஆபீஸ் ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து போடுகிற கையெழுத்து இங்கே வந்து விழுகிறது. அதன் உள்ளே நமக்குத் தெரிந்தவர் ஒருவர் போய்விட்டார். 2020 ஆகஸ்டில், கட்சி மாநாட்டு மேடையில் கமலா தன் ‘சித்தி’களைப் பற்றிச் சொன்னபோது தமிழ்நாட்டில் அந்தத் துண்டு வீடியோ கைக்குக் கை பறந்ததும் இதனால்தான். வராந்தாவில் நிற்கும் நம்மைப் பார்த்து உள்ளே இருந்து ஒருவர் தலையாட்டிய மாதிரி.

தரங்கம்பாடிக்கு இந்த வராந்தா நானூறு வருஷமாகப் பழக்கம். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இந்தக் கடற்கரையைக் கொடுத்தார். ஓவ் கெட்டே என்ற தளபதி கையெழுத்திட்டார், டான்ஸ்போர்க் கோட்டை எழும்பியது. அதற்குப் பிறகு ஊரின் தலையெழுத்து எங்கோ வடகடலுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டது. 1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் நகரத்தைக் குண்டு போட்டுக் கொளுத்தினார்கள். நெப்போலியனோடு அவர்களுக்கு இருந்த சண்டை அது. அந்தச் சண்டைக்காக 1808-இல் இங்கே தரங்கம்பாடியில் டேனிஷ் கொடி இறங்கி ஆங்கிலேயக் கொடி ஏறியது. 1815-இல் திரும்பவும் பழைய கொடி. கட்டுமரம் தள்ளிக்கொண்டு போனவர் எவரும் கோபன்ஹேகனைப் பார்த்ததில்லை, நெப்போலியனோடு அவருக்குப் பகையும் இல்லை. கொடி மாறியதைக் கரையிலிருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். பிறகு 1845-இல் டென்மார்க் அரசர் எட்டாம் கிறிஸ்டியன், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். ஊரைக் கேட்டு விற்கும் வழக்கம் அந்தக் காலத்தில் எந்த ராஜாவுக்கும் கிடையாது.

உள்ளே ஒரு ஆள் இல்லாத ஊர் என்ன செய்யும்? பெயர் வைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 1963-க்குப் பிறகு பிறந்த எத்தனை கென்னடிகள்! ஒரு அமெரிக்க ஜனாதிபதி டல்லாஸில் சுடப்பட்டுச் செத்துப்போக, இங்கே ஆஸ்பத்திரிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயர். லிங்கன்களும் ரூஸ்வெல்ட்களும்கூட உண்டு. அந்தப் பெயரால் யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை. முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்து, ‘டேய் கென்னடி, ஆட்டைப் பிடிச்சுக் கட்டு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு நிறைவு. நிஜமான அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் இந்தக் கரைப்பக்கம் வந்தது 2005 மே மாதத்தில். தரங்கம்பாடியும் அப்போது நாகை மாவட்டம்தான். சுனாமி அடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பில் கிளிண்டன் ஐ.நா. தூதராக நாகை மாவட்டத்துக்கு வந்தார். பதவி போய் நாலு வருஷம் கழித்து.

இனி, நிஜமாகவே வாஷிங்டனிலிருந்து இந்த டெல்டாவுக்கு வரும் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கோயில் கல் வழியாக வரவில்லை, இறால் வழியாக வருகிறது. இந்தியக் கடல் உணவை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. அது வாங்குவதில் பெரும்பங்கு இறால், அதுவும் குட்டையில் வளர்த்த வனாமி. பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம் இது. 2009-இல் இங்கே அனுமதி கிடைத்தது, அதற்கு முன் கருவண்டு இறால்தான். கடலில் வலைபோட்டுப் பிடிக்கிற இறால் சில வருஷமாக அமெரிக்காவுக்குப் போக முடியவில்லை. அவர்கள் நாட்டில் 1989-இல் போட்ட ஒரு சட்டம், வலையில் ஆமை தப்பிக்கும் வாசல் இருக்க வேண்டும் என்கிறது. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்கிற ஆமையும் அதில் அடக்கம். சட்டத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதிய மன்றத்தில் தரங்கம்பாடிக்கு நாற்காலி கிடையாது.

இறால் குட்டைகள் மேல் எனக்குத் தனிப்பட்ட பிரியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெல்வயல் பக்கத்தில் உப்புத்தண்ணீரைக் கட்டிவைத்தால் நிலத்தடி நீர் என்னவாகும் என்பதற்காக இந்த ஜில்லாவில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் நடத்திய வழக்கு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. இருந்தாலும் கடலோரத்தில் குட்டை வெட்டிக் கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருக்கிறவர் நம் ஊர்க்காரர்தான், அவர் பிழைப்பு அதில்தான். 2025 ஆகஸ்டில் டிரம்ப் அரசு இந்தியப் பொருள்கள்மேல் முதலில் 25 சதவீதம், அந்த மாதக் கடைசியில் மேலும் 25 சதவீதம் என்று மொத்தம் 50 சதவீத வரி போட்டபோது அந்தச் சுமை முதலில் இறங்கிய இடங்களில் ஒன்று குட்டைக்கரை. அடுத்த மாதமே எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு. அது வேறு வீடுகளில் இறங்கியது.

இதில் ஆந்திராவின் கதை நம்முடையதைவிடக் கசப்பு. மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தணுகு பக்கம் வட்லூரு என்று ஒரு கிராமம், அமெரிக்கத் துணை ஜனாதிபதி வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊர். 2024 நவம்பரில் கமலா தோற்றுத் துளசேந்திரபுரம் வாடியிருந்தபோது அந்த ஊர் மகிழ்ந்தது. மேற்கு கோதாவரி மாவட்டம்தான் இந்தியாவின் வனாமி சாகுபடிக்கே நடுவீடு மாதிரி. ஒன்பது மாதம் கழித்து வந்த வரி அந்த மாவட்டத்தின் குட்டைகளைத்தான் பலமாக அடித்தது. நடுவில் 2025 ஏப்ரலில் வான்ஸ் குடும்பத்தோடு இந்தியா வந்தார், டெல்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா பார்த்துவிட்டுப் போனார். வட்லூரு பக்கம் போகவில்லை.

சரி, கமலா ஜெயித்திருந்தால்? இதற்குப் பதில் எழுத்திலேயே இருக்கிறது. இந்திய இறால்மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி 2005 முதல் புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று எல்லோர் காலத்திலும் தொடர்ந்தது. அதற்கு மேல், நம் அரசு மானியம் கொடுக்கிறது என்று சொல்லி 5.77 சதவீத எதிர்வரியை அமெரிக்க வணிகத்துறை முடிவு செய்தது 2024 அக்டோபரில், தேர்தலுக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால். துணை ஜனாதிபதியாக அன்று இருந்தவர் கமலா ஹாரிஸ்தான். தர்மசாஸ்தாவுக்கு அவர் பெயரில் அர்ச்சனை நடந்துகொண்டிருந்த அதே நாள்களில் அவருடைய அரசு இந்த டெல்டாவின் இறாலுக்கு இன்னொரு வரியை ஏற்றியது. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் மேசைக்கே அந்தக் காகிதம் வந்திருக்காது. உள்ளே தெரிந்தவர் இருந்தும் மனு தள்ளுபடி ஆகும் என்பது தாலுகா ஆபீஸ் போய் வந்தவர்களுக்குப் புதிதா என்ன?

அப்படியானால் அந்தக் கோலமும் வெடியும் ஏமாளித்தனம் என்று முடித்துவிடலாமா? நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் பார்த்தேன், 2024 நவம்பர் 6 வரும்வரை. அந்த முறை தீபாவளி முந்தின வாரமே முடிந்திருந்தது. ஐந்தாம் தேதி சிறப்புப் பூஜை நடந்தது. ஜெயித்தால் என்னென்ன செய்வது என்று எல்லாம் பேசிவைத்திருந்தார்கள். மறுநாள் நம் நேரத்துக்கு மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. கடைசிக் கணக்கு 312-க்கு 226. பெரிய ஆபீசில் ஆள் மாறிவிட்டார். கணக்குப் பார்த்து உறவாடுகிறவர்களாக இருந்தால் அந்த நிமிஷமே பேனரைச் சுருட்டியிருக்க வேண்டும். அவர்களோ வந்திருந்த நிருபர்களிடம், வருத்தந்தான், ஆனாலும் அவர் எங்கள் ஊர்ப் பெண்தான், நன்றாகப் போராடினார், திரும்ப வருவார் என்ற ரீதியில் பேசி அனுப்பினார்கள்.

நல்லதுக்குச் சொன்னால்தான் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகணும் என்பது நம் பக்கத்து வழக்கம். துளசேந்திரபுரத்தை நல்லதுக்கும் யாரும் அழைக்கவில்லை, அதுவாகவே போனது. அதைச் சபலம் என்று நினைக்க இடமுண்டு. கெட்டதுக்கும் அது போய் நின்றது என்பதைப் பார்த்தபின் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. லாபத்துக்காகத் தொடங்கியதாகவே இருக்கட்டும், அந்த உறவு லாபம் போன பிறகும் நின்றது. தாத்தா பிறந்த மண் என்ற ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு, துணை ஜனாதிபதி ஆன பின்னும் தன்னைப் பார்க்க வராத பெண்ணின் தோல்வியில் ஒரு கிராமம் பங்கு எடுத்துக்கொண்டது. காரைக்காலின் பிரெஞ்சு வாக்காளருக்கு இந்தத் தவிப்பு வேண்டியதில்லை, அவர் கையில் சீட்டு இருக்கிறது. உரிமை உள்ளவன் உறவு தேடி அலைவதில்லை. உரிமை இல்லாதவனுக்கு உறவு ஒன்றுதான் கைமுதல். அதை அவன் எந்த அளவு மனதாரக் கொடுக்கிறான் என்பதை வாங்குகிறவர்கள் அறிவதேயில்லை. உலகத்தை ஆள்கிறவர்களுக்கு இப்படித்தான் ஆயிரம் ஊர்களில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதிகாரம் அங்கிருந்து இங்கே முகம் பார்க்காமல் வருகிறது. பிரியம் இங்கிருந்து அங்கே விலாசம் தெரியாமல் போகிறது. இரண்டுக்கும் பாதை வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் திருத்த முடியும் என்று இந்தக் கரையின் நானூறு வருஷத்தில் எனக்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. அதற்காக அந்தப் பிரியத்தைப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வரி வந்த பிறகு ஒருநாள் தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு குட்டைக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நான் அண்ணே என்று கூப்பிடுகிற வயதுக்காரர். ஏரேட்டர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்துச் செக் ட்ரேயைத் தூக்கி, போட்ட தீவனத்தில் எவ்வளவு மிச்சம் என்று விரலால் தடவிப் பார்த்தார். வால் துடிக்கிற ஒரு இறாலை வெளிச்சத்துக்குப் பிடித்துக் குடல் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். கிலோவுக்கு முப்பது நிற்கிற முப்பது கவுண்ட் வரைக்கும் வளர்க்கலாமா, விலை இன்னும் இறங்குவதற்குள் ஐம்பது கவுண்ட்டிலேயே பிடித்துவிடலாமா என்பதுதான் அவர் கவலை. நாள் கூடினால் தீவனமும் கரண்ட் பில்லும் கூடும். ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை.

“அந்தம்மா ஜெயிச்சிருந்தா இந்த வரி வந்திருக்காதுல்ல தம்பி?” என்றார்.

2024 அக்டோபர் சமாச்சாரத்தைச் சொன்னேன். 5.77 சதவீதம் என்றதும் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். அது எவ்வளவு, இது எவ்வளவு என்று ஒப்பிட்டிருக்க வேண்டும்.

“சரி, அவங்க கவர்மெண்டும் போட்டிருக்கு. போடாம இருக்க மாட்டாங்கதான்,” என்று சொல்லிச் செக் ட்ரேயைத் திரும்ப இறக்கினார். கயிற்றைக் குச்சியில் சுற்றிக்கொண்டே, “ஆனாலும் அந்தம்மாவே வந்திருக்கலாம். அடுத்த தடவை நிக்கிறாங்களாமா?” என்று கேட்டார்.